பள்ளியிலிருந்து கல்லூரிக்கு: 55 விழுக்காடு எனும் வாசற்படி

கேள்வி: தனியார் பள்ளியில் 11 ஆண்டுகளாக பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வயது 38. எம்.ஏ.வில் 54.7 விழுக்காடு. கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக முடியுமா?

பதில்: முடியும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’டுக்கு வயது வரம்பே இல்லை. சிக்கல் உங்கள் மதிப்பெண்ணில்தான். பொதுப் பிரிவுக்கு 55 விழுக்காடு வேண்டும்; 54.7-ஐ 55 என்று முழுமையாக்க மாட்டார்கள். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி என்றால் 50 போதும். ஆனால் கையிலுள்ள பி.சி. சாதிச் சான்றிதழை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உண்டா என்று பார்த்து, ‘வளமான பிரிவினர் அல்லாதோர்’ (நான்-கிரீமி லேயர்) சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தேர்வு 3 மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒரு கேள்வியையும் விடாதீர்கள். எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளின் 50 கேள்விகளில் கற்பித்தல் திறன் உங்களுக்குக் கைவந்த கலை. அட்டவணையில் உள்ள தரவுகளை வைத்துப் போடும் கணக்கும் இந்திய தர்க்கவியலும்தான் மொழி ஆசிரியர்களை இழுத்துப்பிடிக்கும். தினம் முக்கால் மணி நேரத்தை அவற்றுக்கே ஒதுக்குங்கள்.

பொதுப் பிரிவுதான் என்றால், இன்னொரு முதுகலைப் பட்டத்தை 55-க்கு மேல் எடுத்து, அந்தப் பாடத்திலேயே நெட் எழுதுங்கள். கல்லூரிப் பணி ஆணை கைக்கு வரும்வரை பள்ளி வேலையை விடவே வேண்டாம்.