கேளுங்க, சொல்றேன்: இந்த வாரம் முழுக்க மானு ஜினோபிலி

போன இதழ்ல என்.பி.ஏ (அமெரிக்காவோட பாஸ்கெட்பால் லீக்) பத்தி எழுதும்போது "ஷூட்டிங் கார்ட்ல ஜோர்டன், கோபி பிரயன்ட் எல்லாம் சரி, ஆனா எனக்குப் பிடிச்சவர் மானு ஜினோபிலி"ன்னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். பாதிப் பேர் யாருங்க அதுன்னு கேக்கறீங்க, மீதிப் பேர் திட்டறீங்க. ரெண்டுக்கும் சேத்து பதில்.

கே: ஷூட்டிங் கார்ட்னா யாரு? எல்லாரும்தானே ஷூட் பண்றாங்க? (வாசகி, திண்டுக்கல்)

ப: அஞ்சு பேர்ல பாயின்ட் கார்ட் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துவார். அவருக்குப் பக்கத்துல இருக்கற இன்னொரு கார்ட்தான் இவர். தூரத்துல நின்னு போடணும், கேப் கிடைச்சா உள்ள பூந்து போடணும், எதிர் டீம்ல நல்லா ஸ்கோர் பண்ற கார்டை மறிக்கற வேலையும் பல நேரம் இவர் தலையிலதான் விழும். அர்ஜென்டினாக்காரர் மானு 6 அடி 6 அங்குலம், இடது கைக்காரர்.

கே: அர்ஜென்டினான்னா ஃபுட்பால்தானே சார்? இவர் எப்படி பாஸ்கெட்பால் பக்கம் வந்தார்? (கல்லூரி மாணவர், கோவை)

ப: நாடு முழுக்க ஃபுட்பால்தான், ஆனா இவர் 1977ல பொறந்த பாயியா ப்ளாங்கா ஊர் மட்டும் பாஸ்கெட்பால் பைத்தியம் பிடிச்ச ஊர். அப்பா லோக்கல் க்ளப்புக்கு கோச், ரெண்டு அண்ணனுங்களும் காசு வாங்கி ஆடுன ப்ளேயர்ஸ், அப்புறம் கடைக்குட்டி வேற எங்க போவாரு. உள்ளூர் லீக்ல ஆடிட்டு 1998ல இத்தாலிக்குப் போனார். 1999 டிராஃப்ட்ல (என்.பி.ஏ டீமுங்க புது ஆளுங்களை வரிசையா தேர்ந்தெடுக்கற நாள்) சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை 57வது ஆளா எடுத்தாங்க. மொத்தமே 58 பேர்தான்! அதுக்கப்புறமும் அவசரப்படாம இத்தாலியிலயே இருந்தார். போலோனியா டீம் 2001ல இத்தாலி லீக், இத்தாலி கப், ஐரோப்பாவோட பெரிய க்ளப் போட்டியான யூரோலீக்னு மூணையும் ஒரே சீசன்ல தூக்குச்சு, யூரோலீக் ஃபைனல்ஸ்ல எம்.வி.பி (சிறந்த ஆட்டக்காரர்) இவர்தான். 2002ல என்.பி.ஏக்கு வந்தார், முதல் சீசன்லயே சாம்பியன்.

கே: நாலு சாம்பியன்ஷிப் சரி. ஆனா ஆட்டம் தொடங்கறப்ப பாதி நேரம் பெஞ்ச்ல உக்காந்திருந்தவரைப் போய் பெரிய ப்ளேயர்னு சொல்றீங்களே? (வாசகர், மதுரை)

ப: பாதி நேரம் இல்லீங்க, அதுக்கும் மேல. 1,057 லீக் மேட்ச் ஆடினதுல வெறும் 349லதான் ஸ்டார்ட் பண்ணார். ஆனா காரணம் திறமைக் குறைச்சல் இல்ல. கோச் கிரெக் போப்போவிச் கிட்ட டிம் டங்கன், டோனி பார்க்கர், மானுன்னு மூணு பேர் இருந்தாங்க, மூணு பேரையும் ஒண்ணா இறக்கி ஒண்ணா உக்கார வச்சா அந்த அஞ்சு நிமிஷம் டீம் படுத்துடும், அதுக்கு ஒருத்தரை வெளிய வச்சு, எதிர் டீமோட ரிசர்வ் ஆளுங்க உள்ள வர்ற நேரம் பாத்து அவர் கையில பந்தைக் குடுத்தா? அந்த ஒருத்தர்தான் மானு. மேட்ச் முடியற கடைசி நிமிஷங்கள்ல எப்படியும் கோர்ட்லதான் இருப்பார். 2007-08 சீசனைப் பாருங்க, 74 மேட்ச்ல 23லதான் ஸ்டார்ட், ஆனா சராசரி 19.5 பாயின்ட், அவர் கேரியர்லயே அதிகம். பெஞ்ச்ல இருந்து வர்றவங்கள்ல சிறந்தவருக்குக் குடுக்கற சிக்ஸ்த் மேன் அவார்டும் அந்த வருஷம்தான், சீசனோட சிறந்த ஆளுங்களைப் பொறுக்கற ஆல் என்.பி.ஏ பட்டியல்ல மூணாவது டீம்லயும் இடம்.

பெஞ்ச்ல உக்காந்தா சராசரி குறையும், சராசரி குறைஞ்சா பேரும் காசும் குறையும், இது எந்த ப்ளேயருக்கும் தெரியும். மொத்த கேரியர்ல அவர் சராசரி 13.3 பாயின்ட், அந்த நம்பரை மட்டும் பாத்தா நீங்க கேக்கறது கரெக்ட்தான். ஆனா அந்த 1,057ல ஸ்பர்ஸ் ஜெயிச்சது 762, இந்த நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் பாக்கறது இதைத்தான்.

கே: 2004 ஒலிம்பிக்ஸ் பத்தி சொல்லுங்களேன். (வாசகர், கும்பகோணம்)

ப: அதைச் சொல்லத்தானே இந்த வாரமே! 1992ல என்.பி.ஏ ஆளுங்களை அனுப்ப ஆரம்பிச்சதுல இருந்து அதுவரைக்கும் அமெரிக்கா ஒலிம்பிக்ஸ்ல தங்கத்தை விட்டதே இல்ல. ஏதென்ஸ்ல ஐவர்சன், டங்கன், சின்னப் பையனா லெப்ரான், வேட் எல்லாம் வந்திருந்தாங்க. அர்ஜென்டினா முதல் மேட்ச்லயே செர்பியா மாண்டினீக்ரோகிட்ட தோக்க வேண்டியது, கடைசி செகண்ட்ல மானு கீழ விழுந்துக்கிட்டே போட்ட ஷாட்ல 83-82. அப்புறம் செமிஃபைனல்ல அமெரிக்காவை 89-81னு அடிச்சாங்க, மானு 29 பாயின்ட், எதிர்ல நின்னது சொந்த க்ளப் கூட்டாளி டங்கன். ஃபைனல்ல இத்தாலி, 84-69. அன்னிக்கே அவங்க ஃபுட்பால் டீமும் தங்கம் வாங்கிடுச்சு, 52 வருஷம் ஒரு தங்கம் கூட இல்லாத நாட்டுக்கு ஒரே நாள்ல ரெண்டு!

இது குருட்டு அதிர்ஷ்டம்னு சொல்றவங்களுக்கு: 2002 உலக சாம்பியன்ஷிப்ல அமெரிக்க மண்ணுலயே, இண்டியானாபோலிஸ்ல, இதே கூட்டம் அமெரிக்காவை 87-80னு தோக்கடிச்சாச்சு.

கே: யூரோஸ்டெப்னு ஒண்ணு அவர்தான் கண்டுபுடிச்சாராமே? அது டிராவலிங் ஆகாதா? (வாசகர், சேலம்)

ப: ஆகாது. பந்தைத் தரையில தட்டாம கையில வச்சுக்கிட்டே அதிக அடி வச்சாதான் டிராவலிங்ங்கற தப்பு. பந்தைக் கையில எடுத்த பிறகு ரெண்டு அடி வைக்கலாம், ரெண்டும் ஒரே பக்கம் வைக்கணும்னு எந்த ரூலும் இல்ல. மொத அடி ஒரு பக்கம், டிஃபெண்டர் அங்க சாஞ்சதும் ரெண்டாவது அடி எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். கண்டுபுடிச்சவர் இவர் இல்ல, லிதுவேனியாக்காரர் மார்சியுலியோனிஸ் முன்னாடியே என்.பி.ஏல செஞ்சுக்கிட்டுதான் இருந்தார். மானு அதை ஃபேமஸ் ஆக்கினார்.

கே: 2013 ஃபைனல்ஸை மட்டும் ஏன் சார் யாரும் பேசறதில்ல? (மயாமி ஃபேன், சென்னை)

ப: பேசுவோம். ஸ்பர்ஸுக்கும் மயாமிக்கும் ஆறாவது மேட்ச், இன்னும் 28 செகண்ட் இருக்கு, மானு ரெண்டு ஃப்ரீ த்ரோவுல (யாரும் மறிக்காம போடற ஷாட்) ஒண்ணை விட்டார். அப்புறம் மயாமியோட ரே ஆலன் மூலையில இருந்து போட்ட மூணு பாயின்ட் ஷாட், ஓவர்டைம், 103-100 மயாமி. அன்னிக்கு மானு எட்டு தடவை பந்தை எதிராளிக்கு விட்டுக்குடுத்தார், மோசமான ஆட்டம்தான், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஏழாவது மேட்ச்சும் போச்சு.

அடுத்த வருஷம் அதே மயாமி, அதே ஃபைனல்ஸ். அஞ்சாவது மேட்ச்ல ஸ்பர்ஸ் 22-6னு பின்னாடி கிடந்தப்ப பெஞ்ச்ல இருந்து வந்த மானுவோட சேந்துதான் டீமே எழுந்துச்சு, நடுவுல மயாமியோட கிறிஸ் பாஷ் தலைக்கு மேல எகிறி, வளையத்துக்குள்ள பந்தை அழுத்தற ஒரு டங்க் வேற. 36 வயசு, உச்சந்தலையில முடி கூட இல்ல! 104-87, கப் 4-1.

கே: கோபியா மானுவா? ஒரே வார்த்தை. (வாசகர், ஈரோடு)

ப: கோபி. பிடிச்சது யாருன்னு நீங்க கேக்கலையே.

கே: கோர்ட்ல வௌவாலைப் புடிச்சது நெஜமா? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

ப: நெஜம்தான்மா. 2009 அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி, சாக்ரமெண்டோ கூட மேட்ச். வௌவால் ஒண்ணு உள்ள பூந்து தாழப் பறந்துக்கிட்டே இருந்துச்சு, ஆட்டத்தை நிறுத்திட்டாங்க, மானு வெறுங்கையால ஒரே தட்டு, எடுத்துட்டுப் போய் ஓரமா குடுத்துட்டார். கைத்தட்டு பிச்சுக்கிச்சு. அப்புறம் டாக்டருங்க விடுவாங்களா, வெறிநாய்க்கடிக்குப் போடற அதே ஊசி வரிசையா போட்டாங்க. நீ ஜன்னலைத் திறந்து வச்சுட்டு தள்ளி நில்லு, அதுவே போயிடும்.