பிக் டென்னா, எஸ்.இ.சி.யா? அட்லாண்டாவுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

அட்லாண்டாவுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, மகள் பத்தாவது படிக்கிறாள். ஆபீஸில் சனிக்கிழமை நடக்கும் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் பற்றித்தான் திங்கட்கிழமை முழுக்கப் பேச்சு. பிக் டென் பல்கலைக்கழகங்கள் படிப்பில் உசத்தி, எஸ்.இ.சி. எல்லாம் கொண்டாட்டத்துக்குத்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மையா? மகளை வடக்கே அனுப்ப இப்போதே பணம் சேர்க்க வேண்டுமா?"

பிக் டென், எஸ்.இ.சி. இரண்டும் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டுகள், இங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள். பிக் டென் பெரும்பாலும் வடக்கு, எஸ்.இ.சி. தெற்கு. மொத்தமாக, சராசரியாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் எங்கே சேர்வது என்ற முடிவுக்கு அந்தச் சராசரி உதவாது. ஜார்ஜியாவில் வீடு வைத்துக்கொண்டு அதை நம்பினால் பெரும் பணம் வீணாகும். நான் இருப்பது மிஷிகனில், பிக் டென் ஊரில். என் மகன் படித்ததும் பர்டியூவில், அதுவும் பிக் டென்தான். அதனால் எங்கள் பக்கத்தைத் தாழ்த்திப் பேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

கான்ஃபரன்ஸ் என்பது யார் யாரோடு விளையாடுவது, டிவி பணத்தை யார் பங்கு போடுவது என்பதற்கான கூட்டு. தென் மண்டலப் பல்கலைக்கழகக் கிரிக்கெட்டில் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று பார்த்து நம் ஊரில் யாரும் இன்ஜினியரிங் கல்லூரி தேர்ந்தெடுப்பதில்லை, இல்லையா? இங்கே அந்தப் பேச்சு எடுபடுவதற்குக் காரணம், பிக் டென்னில் விளையாட்டுக் கூட்டும் ஆராய்ச்சிப் பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று ஓர் அமைப்பு உண்டு. ஏ.ஏ.யு. என்பார்கள். 1900-இல் 14 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. அழைப்பு வந்தால்தான் உள்ளே போக முடியும். 2024 நிலவரப்படி பிக் டென்னின் 18 பல்கலைக்கழகங்களில் 17 அதில் உறுப்பினர். எஸ்.இ.சி.யின் 16-இல் ஐந்துதான்: வாண்டர்பில்ட், ஃபுளோரிடா, மிசௌரி, டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம். இதேபோன்ற இன்னொரு கூட்டான பிக் 12-இலும் 16-க்கு ஐந்து. அட்லாண்டிக் கரைக் கூட்டான ஏ.சி.சி.யில் டியூக், வட கரோலினா, வர்ஜீனியா, ஜார்ஜியா டெக் என்று ஏறக்குறைய பாதி. உங்கள் ஆபீஸ்காரர் மனதில் இருப்பது இந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் தெற்கத்திப் பிள்ளைகளின் மூளையால் வந்ததில்லை, வரலாற்றால் வந்தது. 1862-இல் மோரில் சட்டம் வந்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கொடுத்து, விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரி தொடங்கச் சொன்னது. அப்போது தெற்கு உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்பில் நின்றது. போர் முடிந்தபோது கஜானா காலி. இல்லினாய், ஒஹையோ, மிஷிகன் போன்ற மாநிலங்களில் தொழிற்சாலைகள் பெருகி வரிப்பணம் கொட்டியது, அது பல்கலைக்கழகங்களுக்கும் போனது. தெற்கிலோ இருந்த கொஞ்சப் பணத்திலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என இரண்டு கல்வி அமைப்புகளை நடத்தினார்கள். கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கிடைத்தது சொற்பம். ஜார்ஜியா பல்கலைக்கழகம் முதல் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1961-இல், மிசிசிப்பி 1962-இல், அதுவும் கலவரத்துக்கு நடுவே. மாநிலத்தின் திறமையில் ஒரு பெரும்பங்கை வாசலிலேயே நிறுத்திவைத்தவர்கள் ஆராய்ச்சியில் பின்தங்கியதில் ஆச்சரியம் இல்லை. இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் நாம் இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சரி, ஏ.ஏ.யு. எதை அளக்கிறது? முக்கியமாகப் போட்டியிட்டு வாங்கும் மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணம், பேராசிரியர்களின் ஆராய்ச்சி, அவர்கள் பெற்ற விருதுகள். முதலாண்டு மாணவிக்குக் கால்குலஸ் யார் நடத்துகிறார், வகுப்பில் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் பெரிதாக வராது. நெப்ராஸ்கா கதை இதற்கு நல்ல உதாரணம். 2010-இல் பிக் டென் அவர்களுக்கு இடம் கொடுத்தபோது அவர்கள் ஏ.ஏ.யு. உறுப்பினர். மறு வருடமே ஏ.ஏ.யு. ஓட்டெடுத்து அவர்களை வெளியேற்றிவிட்டது. அவர்களுடைய மருத்துவக் கல்லூரி ஒமாஹாவில் தனி நிர்வாகத்தில் இருந்ததால் அதன் ஆராய்ச்சி கணக்கில் வரவில்லை. விவசாய ஆராய்ச்சிக்கு வந்த பணத்துக்கும் உரிய மதிப்பு கிடைக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கன் நகரில் வகுப்பறையும் வாத்தியார்களும் அந்த வருடம் மாறிவிடவில்லை. 2022-இல் அயோவா ஸ்டேட் தானாகவே விலகியது, மருத்துவக் கல்லூரி உள்ளவர்களுக்கே இந்த அளவுகோல் சாதகம் என்று சொல்லி. உலகின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றை அட்டனசாஃபும் பெர்ரியும் 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய இடம் அது!

பல்கலைக்கழகங்கள் கூட்டு மாறுவதையும் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் இருக்கும் ஜார்ஜியா டெக் 1964 வரை எஸ்.இ.சி.யில்தான் இருந்தது, இப்போது ஏ.சி.சி. அட்லாண்டிக் கரை என்று பெயர் வைத்திருக்கும் அந்த ஏ.சி.சி.யில் 2024-இல் பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்தன. அவர்கள் முன்பு இருந்த மேற்குக் கரைக் கூட்டான பேக்-12 கலைந்து, டிவி பணம் வேறு பக்கம் போனதுதான் காரணம். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை படித்த ஸ்டான்ஃபோர்டின் தரம் அன்றைக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை சிகாகோ பல்கலைக்கழகம். 1896-இல் பிக் டென்னைத் தொடங்கியவர்களில் அவர்களும் உண்டு. கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலில் வாங்கியவர் அவர்களுடைய வீரர் ஜே பெர்வேங்கர். 1939-இல் ஃபுட்பால் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், 1946-இல் கூட்டைவிட்டும் வெளியேறினார்கள். காலியாகக் கிடந்த அந்த ஃபுட்பால் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. நம் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார், 1983-இல் நோபல் பெற்றார். பிக் டென்னில் இல்லாததால் சிகாகோவை யாராவது குறைத்து மதிப்பிடுவார்களா?

அதனால் துறையைப் பாருங்கள். விமானப் பொறியியல் என்றால் நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த பர்டியூ, கணினி என்றால் இல்லினாய், எங்கள் மிஷிகன். இவையெல்லாம் உண்மையிலேயே உச்சம், மறுக்கவே மாட்டேன். அதே கணினிக்கு எஸ்.இ.சி.யில் இருக்கும் டெக்சஸ், ஆஸ்டினும் அதே வரிசையில் நிற்கும். ஆப்பிளின் டிம் குக் 1982-இல் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் முடித்தது எஸ்.இ.சி.யின் ஆபர்னில். மைக்ரோசாஃப்டின் சத்ய நாதெல்லா கம்ப்யூட்டர் சயன்ஸில் மாஸ்டர்ஸ் செய்தது விஸ்கான்சின் மில்வாக்கியில், அங்கே பெரிய ஃபுட்பால் டீமே கிடையாது. கொண்டாட்டம் என்று பேச வந்தால், பிக் டென்னின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசனில் ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தவர்கள் தெற்கை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் பணம். மிஷிகனில் வெளிமாநில மாணவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. ஜார்ஜியா டெக்கில் உள்மாநிலத்தவருக்கு 12,000 டாலர் அளவில் முடிந்துவிடும். சேர்க்கையிலும் ஜார்ஜியா பிள்ளைகளுக்கே வாய்ப்பு அதிகம். 1993-இல் லாட்டரி வருமானத்தில் ஜார்ஜியா ஹோப் ஸ்காலர்ஷிப் தொடங்கிய பிறகு, வெளியே போய்க்கொண்டிருந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர் ஊரிலேயே தங்கினார்கள். எஸ்.இ.சி.யில் இருக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இன்று இடம் கிடைப்பதே கடினம். உங்கள் ஆபீஸ்காரர் இருபது முப்பது வருடத்துக்கு முந்தைய படத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹோப் கிடைக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மகள் எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது) இருந்தால் அது கிடைக்காது. உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி, அதை அந்தந்தப் பல்கலைக்கழக அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் படிப்பின் நடுவிலேயே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், கட்டண வகையும் அதோடு மாறலாம். எந்தக் கான்ஃபரன்ஸ் என்பதைவிட இதுதான் உங்கள் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் போடும். இந்த வாரமே கணவரோடு உட்கார்ந்து தேதிகளைப் பாருங்கள்.

மகளுக்கு எதில் ஆர்வம் என்று நீங்கள் எழுதவில்லையே. உயிரியலா, கணினியா, வேறு ஏதாவதா? அதையும் விசா நிலையையும் எழுதுங்கள், எந்தத் துறை எங்கே நன்றாக இருக்கிறது என்று பெயர் பெயராகப் பேசலாம்.