கேமரா கேள்வி பதில்: செல் மாற்றினால் போதும்

கேள்வி: பீரோவைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் கிடைத்தது. புது செல் போட்டும் நாலைந்து படத்தில் அணைந்துவிடுகிறது. 64 ஜிபி கார்டையும் ஏற்கவில்லை. இனி உதவாதா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா, நல்ல கேமரா அது. 2008-இல் வந்த மாடல். இப்போதும் எங்கள் ஸ்டுடியோவுக்கு இதே புகாரோடு கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் பழுது செல்லில்தான் இருக்கும்.

நீங்கள் போட்டது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா ஏஏ செல் என்று நினைக்கிறேன். கடிகாரத்துக்குத் துளி மின்சாரம் போதும். கேமராவோ லென்ஸை வெளியே தள்ளும்போதும் ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் ஒரே இழுப்பாக இழுக்கும். அப்போது சாதா செல்லின் வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமரா எடுத்துக்கொள்ளும். அதே செல்லைக் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள், மாதக்கணக்கில் ஓடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல் இரண்டு ஜோடி வாங்குங்கள். மேலே 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும். 1.5-ஐ விடக் குறைவாயிற்றே என்று தயங்க வேண்டாம். இழுக்கும்போது தாக்குப்பிடிப்பது இதுதான். ஜோடி மாற்றிப் போடாதீர்கள், பழசும் புதுசும் கலக்கவே கூடாது. போடுவதற்கு முன் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கசிவைக் கையால் தொடாதீர்கள்.

கார்டு விஷயம் எளிது. 64 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சி என்ற புது வகை. உங்கள் கேமராவுக்கு அதற்கு முந்தைய எஸ்டிஎச்சி வகை வரைதான் தெரியும், அது 32 ஜிபியோடு முடிகிறது. 8 ஜிபி கார்டே தாராளம். 8 மெகாபிக்சல் படம் இரண்டாயிரத்துக்கு மேல் பிடிக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: உள்ளே அப்பாவின் பழைய கார்டு இருந்தால், அதிலுள்ள படங்களை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். அப்புறம்தான் ஃபார்மட், அது கார்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும்.

கேள்வி: என்னிடமும் அதே மாடல்தான். லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் கழன்று வருகிறது. உடைந்துவிட்டதா? (கோவை வாசகர்)

பதில்: அது கழல்வதற்காகவே வைத்த வளையம். லென்ஸுக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டு திருகினால் வளையம் வந்துவிடும். அந்த இடத்தில் எல்ஏ-டிசி52ஜி என்ற குழாய் போன்ற அடாப்டரைப் பொருத்தலாம். அதன் முனையில் 52 மில்லிமீட்டர் திருகு. அகலக் கோண லென்ஸ், டெலி லென்ஸ், க்ளோசப் லென்ஸ் எல்லாம் அதில் ஏறும். சட்டைப் பையில் அடங்கும் விலையில் இப்படி ஒரு வசதி கொடுத்தார்களே என்று எனக்கு அந்த ஏ சீரிஸ் மேல் தனிப் பிரியம். பூ, பூச்சி எடுப்பவர் என்றால் க்ளோசப் லென்ஸைத் தேடுங்கள். மற்ற இரண்டுக்கும் நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். அடாப்டர் மாட்டியிருக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள், குழாயின் நிழல் படத்தில் விழும்.

கேள்வி: ராத்திரியில் கோபுரத்தை எடுத்தால் கறுப்பாகவே வருகிறது. பெரிய ஃபிளாஷ் வாங்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வேண்டாம். இந்தச் சின்னக் கேமராக்களின் ஃபிளாஷ் மூன்று நாலு மீட்டருக்கு மேல் போகாது. எவ்வளவு பெரியது வாங்கினாலும் கோபுர உச்சியை எட்டுவது கஷ்டம். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒரு சிறிய டிரைபாட் (முக்காலித் தாங்கி) வாங்குங்கள். கேமராவுக்கு அடியில் இருக்கும் கால் அங்குலத் திருகு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், எந்த டிரைபாடும் பொருந்தும். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் அளவை, 80 அல்லது 100-இல் வையுங்கள். 2 விநாடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவுகூடப் படத்தில் ஏறாது. டிரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் இமேஜ் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுவது நல்லது. விளக்கு வெளிச்சம் இருக்கும் கோபுரத்துக்கு ஒன்றிரண்டு விநாடி எக்ஸ்போஷரில் (ஒளியை உள்ளே விடும் நேரம்) ஆரம்பித்து, திரையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் ஜூம் பயன்படுத்தலாமா? (மதுரை வாசகி)

பதில்: மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நிதானமாக நீங்களே செய்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரை ஓரம். கேமராவைத் தோல் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: தோல் உறை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் மணியாக வாங்கினால், ஈரம் ஏறியது பார்த்தவுடன் தெரியும். செல்லைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை கேமராவை எடுத்துப் படம் எடுங்கள்.