சான் பிரான்சிஸ்கோவின் பெண்களை எங்கே தேடுவது?

"அக்கா, சான் பிரான்சிஸ்கோ வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. இந்த ஊர்ப் பெண்களின் வரலாற்றை நடந்தே பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் கோல்டன் கேட் பாலத்தில் தொடங்காதீர்கள், சைனாடவுனில் தொடங்குங்கள். விசாவை நம்பி வந்திறங்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் மிக நெருக்கமான வரலாறு அங்கேதான் இருக்கிறது.

பவல் ஸ்ட்ரீட் பார்ட் (BART) ரயில் நிலையத்திலிருந்து 920, சாக்ரமென்டோ தெருவுக்கு இருபது நிமிட நடை, கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். தெருவில் தண்டவாளத்தில் ஓடும் கேபிள் காரில் ஏறினால் தனிக் கட்டணம். பேருந்துக்குக் கொடுத்த காசின் மாற்றுச் சலுகை அதில் செல்லாது, புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்த முகவரியில் இருப்பது கேமரன் ஹவுஸ். 1875-ல் வந்த பேஜ் சட்டம் சீனப் பெண்களை விபசாரத்துக்கு வருகிறவர்கள் என்றே சந்தேகித்து, அவர்கள் வருகையை ஏறக்குறைய நிறுத்தியது. மனைவியை அழைத்துவர வழியில்லாத சீன ஆண்கள் நிறைந்த ஊரில் பெண்களைக் கடத்தி விற்பது கொள்ளை லாபத் தொழிலானது. அப்படி விற்கப்பட்டவர்களும் அடிமை வேலைக்குத் தள்ளப்பட்ட சிறுமிகளும் தப்பி வந்து சேர்ந்த இல்லம் இது. 1906 நிலநடுக்கத்தில் பழைய கட்டடம் அழிய, 1908-ல் மீண்டும் எழுந்தது. இப்போதும் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பு இங்கே இயங்குகிறது. அருங்காட்சியகம் அல்ல, ஆகவே வெளியிலிருந்து பாருங்கள்.

இங்கே அடைக்கலம் தேடியவர்களில் டை லியுங் என்ற பெண்ணை மறக்காதீர்கள். சிறு வயதிலேயே பெற்றோர் பேசி முடித்த கல்யாணத்திலிருந்து ஓடி வந்தவர். கப்பலில் வந்திறங்கியவர்களைத் தடுத்துவைத்து விசாரித்த இடம், விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவு குடியேற்ற நிலையம். 1910-ல் அங்கே மொழிபெயர்ப்பாளரானார். 1912-ல் இந்த ஊரில் ஓட்டுப் போட்டார், அமெரிக்காவில் ஓட்டளித்த முதல் சீனப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். கலிபோர்னியாப் பெண்களுக்கு அந்த உரிமை 1911 அக்டோபரில், மாநிலம் முழுக்க எண்ணியும் வெறும் 3,587 வாக்கு வித்தியாசத்தில் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ எதிர்த்தே வாக்களித்தது, காப்பாற்றியது கிராமப்புறம். டை லியுங் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை மணக்க விரும்பியபோது கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. வாஷிங்டன் மாநிலம் போய் மணந்தார்கள், இருவருக்கும் வேலை போயிற்று.

அடுத்த தெரு கிளே. 965-ம் எண் கட்டடம், ஜூலியா மோர்கன் 1932-ல் சீனப் பெண்களின் ஒய்டபிள்யூசிஏ-வுக்காக (இளம் கிறித்தவப் பெண்கள் சங்கம்) வடிவமைத்தது. கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண் அவர். இன்று அது சீன அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். எல்லா நாளும் திறப்பதில்லை, நேரம் பார்த்துப் போங்கள்.

ஏஞ்சல் தீவுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். ஃபெர்ரி பில்டிங்கிலிருந்து படகு. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், மாலை வரை இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தீவில் இறங்கியபின் நிலையத்துக்கு ஒரு மைலுக்கு மேல் நடை, படிகளும் உண்டு. வெயிலடித்தாலும் ஜாக்கெட் வேண்டும். ஆண்கள் விடுதிச் சுவர்களில் சீனக் கவிதைகள் செதுக்கப்பட்டிருக்கும். பெண்கள் எழுதியதைக் காணோமே என்று தோன்றும். பெண்களைத் தங்கவைத்த நிர்வாகக் கட்டடம் 1940-ல் எரிந்துபோனது, அவர்கள் சுவரில் எழுதியதும் அதோடு போயிற்று. அவர்கள் எழுதவே இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அங்கேயே உட்கார்ந்து படிக்க, சிவிக் சென்டர் பொது நூலகத்தின் ஆறாம் மாடியில் நகர வரலாற்று மையம் இருக்கிறது. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துவர நூலக அட்டை வேண்டும், அது இலவசம். உங்கள் முகவரிக்குச் சான்று கேட்பார்கள். வீட்டு ஒப்பந்தமும் மின்கட்டணமும் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் அங்கே சிக்கல் வரும். வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை எடுத்துப் போங்கள். அட்டை கிடைத்தால் சில அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதிச் சீட்டும் எடுக்கலாம்.

இன்னொரு நாள் பார்ட் பிடித்து டவுன்டவுன் பெர்க்லியில் இறங்குங்கள். பக்கத்திலேயே 'காலா பகாய் வே' என்று பெயர்ப்பலகை. 1915-ல் கணவர், மூன்று மகன்களோடு ஏஞ்சல் தீவு வழியாக வந்த இந்தியப் பெண் அவர். பெர்க்லியில் அவர்கள் வாங்கிய வீட்டைப் பூட்டி, அக்கம்பக்கத்தார் உள்ளே விடவில்லை. அந்த ஊரின் தெரு இப்போது அவர் பெயரில்.