பொது வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வழிகாட்டும் செயலி ஆளைச் சரியான வாசலில் கொண்டுபோய் விடும்படி ஓர் இடத்தை எப்படிக் குறிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஏழெட்டு ஆண்டுகளாக எங்கள் பக்கத்துத் தெருக்களை வரைந்துவருகிறேன் என்பதால் பதில் சொல்கிறேன். ஆனால் விதிகளுக்கு முன்னால் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிட வேண்டும். முக்கால்வாசி விதிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மண்டபம் வரைபடத்தில் இல்லை. "நீதான் மேப் போடுகிறவனாயிற்றே" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. செயற்கைக்கோள் படத்தில் மண்டபத்தின் கூரை நன்றாகத் தெரிந்தது. அதன் நட்டநடுவே ஒரு புள்ளி வைத்துப் பெயரை எழுதிச் சேமித்தேன். அந்த இடத்துக்கான கியூஆர் குறியீட்டை அழைப்பிதழிலும் அச்சடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முகூர்த்தத்தன்று விடிந்தும் விடியாத நேரத்தில் விருதுநகரிலிருந்து காரில் வந்த மாமா அழைத்தார். "மாப்பிள்ளை, நீ சொன்ன இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். இங்கே இரண்டு பேர் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணையும் காணோம், பிள்ளையையும் காணோம்." அவருக்குப் பின்னால் மூன்று கார்கள் வந்து மண்டபத்தின் பின்னால் இருந்த சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டன. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு மட்டும் இருந்தது. அதன் வழியாகச் சமையல்கட்டுக்குள் புகுந்து, காய்கறிக் கூடைகளைத் தாண்டி, பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை மேடைக்கு வந்து சேர்ந்தார். இன்றுவரை அவர் அதை மறக்கவில்லை.

என்ன நடந்தது என்று அன்று இரவு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். கட்டடத்தின் நீளம் 30 மீட்டர். முன்னால் வண்டி நிறுத்தும் காலியிடம் 40 மீட்டர், அதற்கப்பால்தான் பிரதான சாலை. பின்சுவருக்கும் சந்துக்கும் நடுவே வெறும் 8 மீட்டர். நான் வைத்த நடுப்புள்ளியிலிருந்து பிரதான சாலை 55 மீட்டர், பின்சந்து 23 மீட்டர். வழி தேடும் மென்பொருள் பெரும்பாலும் செய்வது இவ்வளவுதான்: நீங்கள் வைத்த புள்ளியிலிருந்து நேர்கோட்டில் மிக அருகே உள்ள சாலை எது என்று பார்த்து, அந்தச் சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இடையில் ஆளுயர மதில் இருந்தாலும், சாக்கடை ஓடினாலும், ரயில் தண்டவாளமே போனாலும் அதற்குக் கவலை இல்லை.

ஆகவே என் பதில் இதுதான்: இடம் எங்கே இருக்கிறது என்பதைவிட, வருகிறவர் எங்கே இறங்கி எப்படி உள்ளே போவார் என்பதை வரையுங்கள். மண்டபத்தைத் திருத்தியபோது முதலில் கட்டடத்தின் சுற்றுக்கோட்டை வரைந்து, பெயரை அந்தக் கட்டடத்திலேயே எழுதினேன். மதிலில் கேட் இருக்கும் இடத்தில் கேட் என்ற குறிச்சொல் (வரைந்தது என்ன என்று மென்பொருளுக்குச் சொல்லும் சிறு குறிப்பு), கட்டடத்தின் முன்பக்கத்தில் முதன்மை வாசல் என்ற குறிச்சொல். மிக முக்கியமானது அடுத்ததுதான். பிரதான சாலையிலிருந்து கேட்டைத் தாண்டிப் போர்ட்டிகோவரை வண்டி போகும் உள்வழியை ஒரு கோடாக வரைந்து சாலையோடு இணைத்தேன். வாசல் குறிச்சொல்லைப் படிக்கிற செயலியும் உண்டு, படிக்காததும் உண்டு. உள்வழிக் கோட்டைப் பெரும்பாலான செயலிகள் சாலையாகவே எடுத்துக்கொள்ளும். புதிதாக வரைய வருகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வரைந்த கோடு சாலையை ஒட்டினாற்போல் இருக்க, அதை இணைக்காமல் விட்டுப் போவது இன்னும் மோசம். கண்ணுக்குச் சேர்ந்தே தெரியும், மென்பொருளுக்கு அது தனித்தீவு.

மருத்துவமனைகளில் இது இன்னும் அவசரமான விஷயம். புறநோயாளிகள் நுழையும் வாசல் ஒரு தெருவிலும் அவசரப் பிரிவின் வாசல் வேறொரு தெருவிலும் இருப்பது பெரிய மருத்துவமனைகளில் சகஜம். அவசரப் பிரிவு வாசலுக்கென்றே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனிக் குறிச்சொல் உண்டு. உங்கள் ஊர் வரைபடத்தில் அது போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நேரில் போய்ப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். டீக்கடைகளைச் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்யலாம்.

நடுவில் தடுப்புச்சுவர் உள்ள சாலைகளை இரண்டு தனித்தனி ஒருவழிக் கோடுகளாக வரைவது வழக்கம். உங்கள் புள்ளி தவறான கோட்டுக்கு அருகே விழுந்தால் செயலி ஆளை எதிர்ப்புறத்தில் நிறுத்தி "வந்துவிட்டீர்கள்" என்று அறிவிக்கும். கடை கண்ணெதிரே தெரியும், ஆனால் திரும்பிவர ஒன்றிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். மேம்பாலத்தை ஒட்டிய கடைகளுக்கும் இதே கதி. புள்ளிக்கு உயரம் கிடையாது என்பதால் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்தச் சொல்லும். கடையின் முகப்பு எந்தச் சேவைச் சாலையைப் பார்க்கிறதோ அதை ஒட்டிப் புள்ளியை வையுங்கள்.

பெரிய வளாகங்களுக்கு ஒரே ஒரு புள்ளி போதாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு திசைக்கு நான்கு வெளிக் கோபுரங்கள். நடுவில் ஒரு புள்ளி வைத்தால் சந்நிதி எங்கே என்று தெரியுமே தவிர, ஊருக்குப் புதியவருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. வளாகத்தை வரைந்து, ஒவ்வொரு வாசலையும் அதனதன் பெயரோடு குறித்தால்தான் "தெற்குக் கோபுரத்தடியில் நில்" என்று சொன்ன சொல் வரைபடத்திலும் செல்லும். சுற்றியுள்ள சித்திரை வீதிகள் நடந்துபோகிறவர்களுக்கானவை. அப்படியே குறிச்சொல் இருந்தால் செயலி காரை வெளியிலேயே நிறுத்திவிடும். வண்டி நிறுத்துமிடத்தைத் தனியாகக் குறிப்பதும் அதனால்தான்.

பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பெயர்க் களத்தில் பெயரை மட்டும் எழுத வேண்டும். "சுவையான பிரியாணிக்கு" என்பதும், கைபேசி எண்ணும், "பார்க்கிங் வசதி உண்டு" என்பதும் பெயரில் சேராது. எண்ணுக்கும் நேரத்துக்கும் தனிக் களங்கள் இருக்கின்றன. பலகையில் உள்ள பெயர் ஒன்று, வாயில் வழங்கும் பெயர் வேறொன்று என்பது நம் ஊர்களில் சாதாரணம். சென்னைப் புறநகரில் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பேருந்து முனையத்துக்குக் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்று பெயர். பஸ் ஏறுகிறவர் தேடுவதோ கிளாம்பாக்கம். மதுரையில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "மாட்டுத்தாவணியா?" என்று திருப்பிக் கேட்பார். அதிகாரப் பெயரை ஒரு களத்திலும் மக்கள் பெயரை மாற்றுப்பெயர்க் களத்திலும் எழுதினால் இரண்டைக் கொண்டும் தேடலாம். தமிழ்ப் பெயருக்கும் தனிக் களம் உண்டு. அதை நிரப்பாமல் விடாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரே ஊரை நாலு விதமாக எழுதுகிறார்கள், தமிழில் பெரும்பாலும் ஒரே எழுத்துதான்.

ஒரு சுவையான சிக்கல். தியேட்டரை இடித்து இருபது ஆண்டு ஆகியிருக்கும், ஆனால் அந்த பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் தியேட்டர் பெயர்தான். நிறுத்தத்துக்கு அந்தப் பெயரை எழுதலாம், ஏனென்றால் நடத்துநர் இன்றும் அப்படித்தான் கூவுகிறார். தியேட்டரை வரையக் கூடாது, ஏனென்றால் அது அங்கே இல்லை. தரையில் இன்று இருப்பதை மட்டும் வரை என்பது இந்த வரைபடத்தின் பழைய விதி. அடுத்த தையில் திறக்கப்போகும் துணிக்கடைக்கும் தீபாவளிக்கு ஒரு வாரம் நிற்கும் பட்டாசுக் கடைக்கும் அங்கே இடமில்லை. மூடிய கடையை அழிப்பதற்கு முன் நிரந்தரமாக மூடியதா, பூச்சுவேலைக்காகச் சாத்தியிருக்கிறதா என்று பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சேர்ப்பதற்கு முன் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டடமாக ஒன்று, புள்ளியாக ஒன்று என்று ஒரே பள்ளி இரண்டு தடவை இருந்தால் தேடுகிறவருக்கு எது உண்மை என்று புரியாது. வீடுகளுக்குக் கதவு எண் போடலாம், குடியிருப்பவர் பெயர் வேண்டாம்.

கூகுள் மேப்ஸைப் பார்த்து நகலெடுக்கவே கூடாது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கியதிலிருந்தே, பயன்படுத்த அனுமதியுள்ள தகவலால் மட்டுமே கட்டுவதுதான் இந்த வரைபடத்தின் அடிப்படை. வரைபடத்தைத் திருத்தும் எடிட்டருக்குள்ளேயே வரும் பிங் போன்ற செயற்கைக்கோள் படங்களுக்கு அனுமதி இருக்கிறது, அவற்றின் மேல் வரையலாம். ஆனால் அந்தப் படங்களே சில இடங்களில் சில மீட்டர் நகர்ந்திருக்கும். கைபேசி ஜிபிஎஸ்ஸும் திறந்தவெளியில்கூடச் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் கூடுதலாக. ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொடங்குவதற்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி நல்லது. தெருவில் நடக்கும்போதே கேள்வி கேட்டுத் தகவலை வாங்கிக்கொள்ளும். திருத்தத் தயக்கமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவிட்டு வரலாம், எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம். இன்று செய்த திருத்தம், இந்த வரைபடத்தைக் கொண்டு வழிகாட்டும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் உடனே தெரியாது, அடுத்த முறை அவை வரைபடத்தைப் புதுப்பிக்கும்வரை பொறுங்கள். தெரியவில்லையே என்று அதே இடத்தை மறுபடியும் சேர்க்காதீர்கள்.

அந்த மண்டபத்தின் கதை இன்னும் முடியவில்லை. போன ஆண்டு யாரோ ஒருவர் பெயரைக் கட்டடத்திலிருந்து எடுத்து, கூரையின் நடுவில் புதிதாக ஒரு புள்ளி வைத்திருந்தார். "இப்போதுதான் சரியாக நடுவில் இருக்கிறது" என்று மாற்றக் குறிப்பு வேறு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவருக்கு எழுதத் தொடங்குவதற்கு முன் செயலியில் வழி கேட்டுப் பார்த்தேன். அவர் வைத்த புள்ளியிலிருந்து பின்சந்து 23 மீட்டர், நான் வரைந்த உள்வழி முடியும் போர்ட்டிகோ 15 மீட்டர். வழி முன்வாசலுக்கே வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.