ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப்போகும் என் அக்கா, கணவர் பெயரில் உள்ள சொத்தையும், அடகு வைத்த சங்கிலியையும் காட்ட வேண்டுமா?

ஆமாம், காட்டத்தான் வேண்டும். மேலூர் பக்கம் நிற்கப்போகும் உங்கள் அக்கா, வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் தன் சொத்து, கணவர் சொத்து, தன்னைச் சார்ந்த பிள்ளைகளின் சொத்து, வழக்கு இருந்தால் அந்த விவரம் எல்லாம் எழுத வேண்டும். பலரும் தடுமாறுவது நகையில்தான். கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த எட்டுப் பவுன் சங்கிலியும் அவர் சொத்துதான். அதன்மேல் வாங்கிய பணத்தைக் கடன் பகுதியில் தனியாக எழுத வேண்டும்.

அப்புறம், ஜெயித்தாலும் தோற்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகள் தகுதிநீக்கம் செய்யலாம். ஊருக்கு உழைக்க வருபவர் இதனால் அடுத்த வாய்ப்பை இழக்கக் கூடாது. போஸ்டர், ஆட்டோ வாடகை ரசீதுகளை முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள்.