ரூட் கணக்கு: வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்ததுல பெரும்பாலும் ரூட் சுருக்குறது பத்தித்தான். ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு ஒரே பதிலா போட்டிருக்கேன்.

கேள்வி: √72-ஐ 3√8-னு எழுதினேன். விடையில 6√2-னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் மார்க் குறைச்சாங்க?

மதிப்பு ஒண்ணுதான், ஆனா சுருக்குன்னு கேட்டா முடியுற வரைக்கும் சுருக்கணும்ல. உள்ள இருக்குற 8-ல இன்னும் ஒரு 4 ஒளிஞ்சிட்டு இருக்கு, அது 2-ஆ வெளிய வந்து 3-ஐ பெருக்குனா 6. நீங்க 9-ஐ பாத்ததும் எடுத்துட்டு ஓடிட்டீங்க, 72-ஐ வகுக்குற முழு வர்க்கத்துல பெருசு 36. அது கண்ணுக்கு படலைன்னா பகா காரணியா உடைச்சிடுங்க, 72 = 2×2×2×3×3, ஜோடி சேர்ந்ததெல்லாம் வெளிய, தனியா நின்ன 2 உள்ள. கனமூலத்துக்கு மூணு மூணா சேரணும், அதனால ∛72 = 2∛9.

கேள்வி: √2 + √3 = √5 தானே?

இல்ல. 1.41-ம் 1.73-ம் கூட்டினா 3.14 மாதிரி வரும் (உடனே அது பை-னு எழுதி அனுப்பாதீங்க, அடுத்த தசமத்துலயே பிரிஞ்சிடும்), √5 வெறும் 2.24. ரூட் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும்தான் பிரியும், கூட்டலுக்கு பிரியாது. உள்ள ஒரே நம்பர் இருந்தா மட்டும் கூட்டலாம், √18 + √50 − √8-னா 3√2 + 5√2 − 2√2, மொத்தம் 6√2. சந்தேகம் வந்தா சின்ன நம்பர் போட்டு செக் பண்ணுங்க. எப்பவும் சொல்றதுதான், இன்னும் பாதி பேர் பண்றதில்ல.

கேள்வி: ரூட் 16 பிளஸ் 9 எவ்வளவு சார்? அவசரம்.

ரூட் எது வரைக்கும்? 16-க்கு மட்டும்னா 4 + 9 = 13. மொத்தத்துக்கும்னா √25, அதாவது 5. நீங்க பிராக்கெட் போடாம அனுப்பினா நான் எதுக்கு பதில் சொல்றது? √ குறியை 1525-ல கிறிஸ்டாஃப் ருடால்ஃப் தன் புத்தகத்துல அச்சுல போட்டப்போ மேல அந்த நீள கோடு கிடையாது, 1637-ல டெக்கார்ட் அதை சேர்த்தார். எது வரைக்கும் உள்ளங்கிறதை காட்டத்தான் அந்த கோடு, கிட்டத்தட்ட பிராக்கெட் வேலைதான். கையில எழுதும்போது கோடை முழுசா இழுங்க, டைப் பண்ணும்போது பிராக்கெட் போடுங்க. அவசரமா இருந்தாலும்.

கேள்வி: √25 = 5-னு எழுதினா எங்க டியூஷன்ல ±5-னு திருத்துறாங்க. எது சரி?

நீங்க எழுதினதுதான் சரி. இந்த கேள்வி எனக்கு வராத மாசமே இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எக்ஸ்² = 25-ங்கிற சமன்பாட்டுக்கு ரெண்டு விடை, 5-ம் −5-ம். அதுல யாருக்கும் சண்டை இல்ல. ஆனா √25-ங்கிறது சமன்பாடு இல்ல, அது ஒரு நம்பர், ஒரே ஒரு நம்பர். அந்த ரெண்டு விடையில மைனஸ் இல்லாததை மட்டும் குறிக்கத்தான் √ குறி, அப்படித்தான் வரையறை. மைனஸ் வேணும்னா −√25-னு நாமதான் வெளிய போடணும். இருபடி சமன்பாட்டு சூத்திரத்தை ஞாபகப்படுத்தி பாருங்க, ரூட்டுக்கு முன்னாடி ± தனியா நிக்குதா இல்லையா? ரூட்டுக்குள்ளயே ரெண்டு குறியும் இருந்தா அங்க எதுக்கு மறுபடி ஒரு ±? இன்னொண்ணு, √25 ±5-ஆவும் √9 ±3-ஆவும் இருந்தா √25 + √9 எவ்வளவு? 8, 2, −2, −8-னு நாலு விடை வரும். ஒரு சாதா கூட்டலுக்கு நாலு விடை வர்ற குறியை வெச்சுக்கிட்டு யாரு கணக்கு போட முடியும்?

இது வெறும் குறி சண்டைன்னு நினைக்காதீங்க, இதுல தடுமாறினவங்க அப்புறம் வரிசையா தடுமாறுவாங்க. √(எக்ஸ்²) = எக்ஸ்-னு கண்ணை மூடிட்டு எழுதுறாங்க, எக்ஸ் −3-ஆ இருந்தா உள்ள 9, வெளிய வர்றது 3, −3 இல்ல. அதனால விடை எக்ஸோட மட்டு மதிப்பு, |எக்ஸ்|. எக்ஸ் மைனஸ் ஆகாதுன்னு கணக்குலயே சொல்லியிருந்தா மட்டும் மட்டு கோடை விடலாம். அடுத்து √(எக்ஸ் + 2) = எக்ஸ்-னு ஒரு கணக்கு. ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினா எக்ஸ்² − எக்ஸ் − 2 = 0, விடை 2-ம் −1-ம். ரெண்டையும் எழுதிட்டு போயிடுறாங்க. −1-ஐ திருப்பி போடுங்க, இடது பக்கம் √1 = 1, வலது பக்கம் −1. சரியா வரல, ஏன்னா √ எப்பவும் மைனஸ் தராது. வர்க்கப்படுத்தும்போது குறி அழிஞ்சு போய் இல்லாத விடை ஒண்ணு உள்ள புகுந்துடுது. அதனாலதான் விடையை திருப்பி போட்டு செக் பண்ணுங்கன்னு தொண்டை கிழிய சொல்றேன். சொல்லிக் குடுக்குறவங்களே ±5-னு சிவப்பு மையில திருத்தினா பசங்க எங்க போய் நேரா கத்துக்குவாங்க, நிஜமாவே வருத்தமா இருக்கு.

கேள்வி: 6/(√7 − √3), பகுதியில ரூட் போகவே மாட்டேங்குது. ரெண்டு தடவை பெருக்கியும் பாத்துட்டேன்.

நீங்க √7 − √3-ஆலயே பெருக்கியிருக்கீங்க, அப்போ 10 − 2√21-னு ரூட் அப்படியே உக்காந்திருக்கும். குறி மாத்தி √7 + √3-ஆல மேலயும் கீழயும் பெருக்குங்க, கீழ 7 − 3 = 4, விடை 3(√7 + √3)/2. செக்: ஆரம்பத்துல 6-ஐ 0.91-ஆல வகுத்தா 6.6 கிட்ட, கடைசியிலயும் அதேதான். கீழ ∛2 மட்டும் இருந்தா ∛4-ஆல பெருக்கணும், ∛2-ஆல இல்ல, ∛8 ஆனாத்தான் முழு எண் வரும்.

கேள்வி: √(−4) × √(−9) = √36 = 6. சரியா?

தப்பு, −6. √(−1)-ஐத்தான் i-னு எழுதுவோம், அப்போ 2i × 3i = 6i², i² = −1. ரெண்டு ரூட்டை பெருக்கி ஒரே ரூட்டாக்குற விதி உள்ள ரெண்டுமே மைனஸா இருந்தா செல்லாது. முதல்ல i-யை வெளிய எடுங்க, அப்புறம் பெருக்குங்க.

கேள்வி: √(7 − 4√3) எப்படி சுருக்குறது? நான் √3 − 2-னு கொண்டு வந்தேன், விடை 2 − √3-னு போட்டிருக்கு.

பாதி கிணறு தாண்டிட்டீங்க. 4√3-ஐ 2√12-னு எழுதுங்க, கூட்டினா 7, பெருக்கினா 12 வர்ற ரெண்டு நம்பர் 4-ம் 3-ம், அதனால √4-ம் √3-ம். √3 − 2-ஐ வர்க்கப்படுத்தினாலும் 7 − 4√3 தான் வருது, ஆனா அது கிட்டத்தட்ட −0.27, மேல சொன்ன அதே தகராறு. பெருசுல இருந்து சிறுசை கழிங்க, 2 − √3. எல்லா கணக்கும் இப்படி அழகா பிரியாது, 7² − (4√3)² = 49 − 48 = 1-னு முழு வர்க்கமா வந்ததாலதான் இது பிரிஞ்சுது, முதல்ல அதை பாத்துட்டு இறங்குங்க.

கேள்வி: √2 × ∛2 சேருமா?

சேரும். ரெண்டையும் ஆறாம் மூலமா மாத்துங்க, ⁶√8 × ⁶√4 = ⁶√32.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாம 3√5 பெருசா 2√11 பெருசா?

வெளிய இருக்குறதை உள்ள தள்ளுங்க. √45, √44. முதல்லது பெருசு.